கதவின் அடியில் ஒரு ரப்பர்ப் பட்டை

பொருள்களின் வரலாறு என்று நாம் படிப்பது பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறுதான். முதலில் செய்தவர் யார், எந்த ஆண்டில் காப்புரிமை பெற்றார் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அந்தப் பொருள் பிறகு எப்படித் தேய்ந்தது, அதில் எந்த உறுப்பை எத்தனை முறை மாற்றினார்கள், மாற்றுவதற்கான பொருள் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் எழுதப்படாமலே போகிறது. பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' என்ற நூலில் இந்தக் குறையைத்தான் சுட்டிக் காட்டினார். அவர் பார்வையில், பயன்பாட்டையும் பராமரிப்பையும் விட்டுவிட்டு எழுதப்படும் தொழில்நுட்ப வரலாறு பாதி வரலாறே.

விடுபட்ட மறுபாதிக்கு ஓர் எளிய சான்று, அமெரிக்க வீடுகளில் கார் நிறுத்தும் அறையான கராஜின் கதவு. இன்னும் சரியாகச் சொன்னால், அக்கதவின் அடி விளிம்பில் செருகப்பட்டிருக்கும் ரப்பர்ப் பட்டை.

கார் வந்த புதிதில் அமெரிக்கர்கள் அதைக் குதிரை லாயத்திலோ, வீட்டின் பின்புறம் தனியே நின்ற கொட்டகையிலோதான் நிறுத்தினார்கள். பெட்ரோல் வாடையும் தீப்பிடிக்கும் அச்சமும் அதனை வீட்டிலிருந்து விலக்கி வைத்தன. அக்கொட்டகைகளுக்கு லாயத்துக்கு உரிய இரட்டைக் கதவே இருந்தது. பனி குவிந்துவிட்டால் வெளிப்புறம் திறக்கும் கதவு அசையாது. முதலில் பனியை அள்ள வேண்டும், பிறகுதான் கதவு. 1921இல் சி. ஜி. ஜான்சன் என்பவர் மேல்நோக்கி ஏறும் கதவை உருவாக்கினார். கிடைமட்டப் பலகைகள் கீல்களால் இணைந்து, இருபுறத் தண்டவாளங்களில் உருளைகள் ஓட, கதவு வளைந்து கூரையின் கீழ் போய்ப் படுத்துக்கொள்ளும். 1926இல் அதைத் திறக்க மின்விசையையும் அவரே சேர்த்தார். வரலாற்று நூல்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகின்றன.

ஆனால் இந்தக் கதவு தன்னோடு ஒரு புதிய சிக்கலையும் கொண்டுவந்தது. கீலில் சுழலும் கதவு நிலைச்சட்டத்தில் சென்று பொருந்தும். தச்சன் இழைத்துச் சரிசெய்த மரத்தோடு மரம் சேரும். மேலிருந்து இறங்கும் கதவோ தரையில் வந்து நிற்கிறது. கதவின் விளிம்பு நேர்கோடு. காங்கிரீட் தரை நேர்கோடன்று. மண் இறங்க இறங்கத் தரை ஒருபுறம் தாழும். குளிர்காலத்தில் அடிமண்ணின் ஈரம் உறைந்து பருக்கும்போது தரை மேலெழும். ஆக, ஒரு மூலையில் கதவு தரையை அழுத்தும். மறுமூலையில் விரல் நுழையும். அந்த வழியே காற்று, மழைநீர், உலர்ந்த இலை, பூச்சி, எலி எல்லாம் வரும். சுண்டெலி புகுவதற்கு ஆறு மில்லிமீட்டர் சந்து போதும். இந்தச் சீரின்மைக்கு ஏற்பத் தானே வளைந்து கொடுக்கும் ஒரு பொருள் அங்கே தேவைப்பட்டது. அந்த இடத்தில் ரப்பர் வந்து சேர்ந்தது.

ரப்பர் இந்த வேலைக்குத் தகுதி பெற்றதே ஒரு தனிக்கதை. பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் இரண்டு குற்றங்களும் நீங்குவதைக் கண்டார். 1844இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1860இல் பெருங்கடனாளியாக இறந்தார். நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தகம் ஆங்காங்கே பாலமிட்டுக் கட்டுகிறது. எனவே இழுத்தால் நீள்கிறது, விட்டால் மீள்கிறது.

ஆயினும் அழிவுக்கான வழி அதன் உள்ளேயே இருக்கிறது. இயற்கை ரப்பரின் சங்கிலியில் எஞ்சியிருக்கும் இரட்டைப் பிணைப்புகளைக் காற்றில் மிகச் சிறிதளவே உள்ள ஓசோன் தாக்கி அறுக்கிறது. தளர்வாகக் கிடக்கும் ரப்பரை அது அவ்வளவாக வெடிக்கச் செய்வதில்லை. இழுபட்டோ மடங்கியோ இருக்கும் இடத்தில்தான் விரிசல் தோன்றும். கதவின் அடிப்பட்டையோ எப்போதும் மடங்கியே இருப்பது. கதவு நாளின் பெரும்பகுதி மூடியே கிடப்பதால் பட்டை ஓயாமல் நசுங்குகிறது. நாளடைவில் நசுங்கிய வடிவமே அதன் வடிவமாகிவிடுகிறது. வெயில் வெளிப்புறத்தை உலர்த்துகிறது. பனிக்கட்டியோடு தரையில் ஒட்டிக்கொண்ட காலைகளில் கதவைத் தூக்கினால் பட்டை கிழிகிறது. வளைந்து கொடுப்பதே அதன் பணி. அந்தப் பணியைச் செய்வதாலேயே அது கெடுகிறது.

கெட்டதை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம் என்பது ரப்பர் தாராளமாகக் கிடைத்த காலத்து எண்ணம். அது எப்படித் தாராளமாயிற்று? 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. மரம் வெட்டப் போனவர்களில் பெரும்பாலோர் கங்காணிகள் வழியே திரட்டப்பட்ட தமிழர்கள். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும் என்பதால் விடியுமுன்பே மரத்தடியில் நிற்க வேண்டும். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நாவலைப் படித்தவர்களுக்கு அவ்வாழ்க்கையைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. 1920களில் உலகச் சந்தைக்கு வந்த ரப்பரில் பெரும்பகுதி மலாயா, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள், இலங்கை ஆகிய இடங்களிலிருந்தே வந்தது. வாங்கியதில் அமெரிக்காவே முதலிடம். ஜான்சனின் கதவு அமெரிக்காவில் பரவிய ஆண்டுகளும் இவையே.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. தோட்டங்கள் ஜப்பானியர் வசமாயின. அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார்: பழைய டயர், மழைக்கோட்டு, தோட்டக் குழாய், காலணி என வீட்டில் கிடக்கும் எந்த ரப்பரையும் பெட்ரோல் நிலையத்தில் கொடுங்கள், ராத்தலுக்கு ஒரு சென்ட் தரப்படும் என்றார். தேய்ந்ததை எறிந்து பழகிய நாடு, தேய்ந்ததைத் தேடிப் பொறுக்கியது. கடலுக்கு இப்பால், வாங்குவோர் அற்றுப்போன தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். அமெரிக்கப் போர்க்கால நினைவுகளில் ரப்பர் சேகரிப்புக்கு ஓர் இடம் உண்டு. அந்த ரப்பரை வடித்தவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கும் முழுமையாக இல்லை.

பஞ்சம் வேதியியலை விரைவுபடுத்தியது. 1931இல் டூபான்ட் நிறுவனம் அறிவித்த நியோப்ரீன் ஏற்கெனவே இருந்தது. போர்க்காலத்தில் செயற்கை ரப்பர் ஆலைகள் பெருகின. 1960களில் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் சந்தைக்கு வந்தது. அதன் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே இல்லை. ஆதலால் ஓசோன் அறுப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. இன்று கராஜ் கதவுகளுக்கு விற்கப்படும் பட்டைகளில் இதுவும் வினைலும் மிகுதி. மலிவான வினைல், கடுங்குளிரில் விறைத்துவிடும். குளிரில் மீள்தன்மை இழக்கும் அடைப்பு என்ன செய்யும் என்பதை 1986 ஜனவரி 28 அன்று உலகமே கண்டது. சேலஞ்சர் விண்ணோடத்தின் ராக்கெட்டில் ஒரு ரப்பர் வளையம் உரிய நேரத்தில் விரிந்து அடைக்கவில்லை. ஏழு பேர் மாண்டனர்.

வீட்டுக் கதவில் இவ்வளவு பெரிய விபரீதம் இல்லை. ஆனால் குளிர்காலச் செலவு உண்டு. போருக்குப் பிந்தைய புறநகர்களில் கராஜ் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. அதன் குளிர் சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் சந்து வழியே போகும் வெப்பம் பணமாகக் கணக்கிடப்பட்டது. வருமானம் குறைந்த குடும்பங்களின் வீடுகளில் காற்றுச் சந்துகளை அடைக்க 1976இல் அமெரிக்க அரசு ஒரு திட்டமே தொடங்கியது. பட்டை மாற்றுவது பொதுநலக் கொள்கையாகவும் ஆனது.

மாற்றும் முறை எளிது. பகலில் கதவை மூடி உள்ளே நின்றால் வெளிச்சக் கீற்று சந்தைக் காட்டிக் கொடுக்கும். கதவைப் பாதி உயர்த்தி, அடி விளிம்பின் உலோகக் காடியிலிருந்து பழைய பட்டையை உருவ வேண்டும். காடியின் துருவைச் சுரண்டி, சோப்பு நீர் தடவி, புதியதை ஒரு முனையிலிருந்து இழுத்துச் செருகலாம். பக்கச் சட்டப் பட்டைகள் கதவை மெல்லத் தொட்டால் போதும். அழுத்தினால் கதவு திணறும். அடைப்பு இறுக இறுக இன்னொரு எச்சரிக்கை: மூடிய கராஜில் கார் எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கு ஆபத்து.

ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை இது. உருவியெடுத்த பட்டை குப்பைக்குப் போகிறது. செயற்கை ரப்பரும் எண்ணெய்ப்பனையும் வந்தபின் மலேசியத் தோட்டங்களிலிருந்து வெளியேறிய தமிழ்க் குடும்பங்களின் கதையும் இப்படித்தான் அதிகம் பேசப்படாமல் போனது. கதவைக் கண்டுபிடித்தவருக்கு ஓர் ஆண்டும் ஒரு பெயரும் உண்டு. கதவு மூடிக்கொள்ள உதவியவற்றுக்கும் உதவியவர்களுக்கும் அவை இல்லை. வரலாற்றில் அடைக்கப்பட வேண்டிய சந்து அதுதான்.