மடாலயங்களுக்கும் மாஸ்கோவுக்கும் நடுவே: பெல்ஜிதின் கெந்தெனின் அரசியல் வாழ்வு

வடக்கே ரஷ்யாவும் தெற்கே சீனாவும் சூழ்ந்த மங்கோலியா, 1911ஆம் ஆண்டில் சீனப் பேரரசிலிருந்து விலகியபோது, பௌத்தத் தலைமைத் துறவியான போக்த் கானைத் தன் மன்னராக ஏற்றது. 1921இல் சோவியத் செஞ்சேனையின் துணையோடு மக்கள் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. 1924இல் போக்த் கான் மறைந்ததும் முடியாட்சி ஒழிந்து மக்கள் குடியரசு பிறந்தது. அக்குடியரசின் முதற்கட்டத் தலைவர்களுள் பலர் தங்கள் அரசைக் காத்த வல்லரசின் கையாலேயே மாண்டனர். 1932 முதல் 1936 வரை பிரதமராக இருந்த பெல்ஜிதின் கெந்தென் அவர்களுள் ஒருவர்.

தந்தையின் பெயரை முன்னிட்டுத் தன் பெயரைச் சொல்வது மங்கோலிய வழக்கம் என்பதால், பெல்ஜிதின் கெந்தென் என்ற பெயருக்குப் ‘பெல்ஜிதின் மகன் கெந்தென்’ என்பதே பொருள். இன்று ஓவொர்ஹங்காய் என அழைக்கப்படும் பகுதியில், பட்டமோ பதவியோ இல்லாத எளிய மேய்ப்பரைக் குறிக்கும் ‘அராத்’ குடியில் 1890களில் பிறந்த அவர், புரட்சிக்குப் பின் கட்சியில் சேர்ந்து விரைவாக உயர்ந்தார். 1924 நவம்பரில் கூடிய முதல் மகா ஹுரல், அதாவது நாட்டின் பேரவை, நவம்பர் 26 அன்று முதல் அரசியலமைப்பை ஏற்றுக் குடியரசை அறிவித்தது. பேரவை கூடாத காலத்தில் அதன் அதிகாரத்தைச் செலுத்திய சிறு ஹுரலின் தலைமைக் குழுவுக்குக் கெந்தென் தலைவரானார்.

1928இன் இறுதியில் கட்சியின் மிதவாதத் தலைமை வீழ்த்தப்பட்டபோது, மத்தியக் குழுவின் மூன்று செயலாளர்களுள் ஒருவராகக் கெந்தென் அமர்ந்தார். பின்னாளைய கொள்கைகளின் வெளிச்சத்தில் அவரை ஒரு மிதவாதியாக மட்டும் வரைய முற்படுவோர் இந்தக் கட்டத்தைக் கடந்து போய்விடலாகாது. மடாலயங்களுக்குச் சொந்தமான கால்நடையையும் பொருளையும் ‘ஜாஸ்’ என்பர். அந்த ஜாஸ் சொத்துகளும் பிரபுக்களின் மந்தைகளும் பறிமுதல் செய்யப்பட்டதும், மேய்ப்பர்கள் கூட்டுப் பண்ணைகளுக்குள் நெருக்கப்பட்டதும், தனியார் வாணிகம் ஒடுக்கப்பட்டதும் அவர் செயலாளராக இருந்த ஆண்டுகளிலேயே நிகழ்ந்தன. மந்தையை ஒப்படைப்பதைவிட அறுத்துத் தின்பதே மேல் எனப் பல குடும்பங்கள் முடிவு செய்ததாலும், ஒப்படைத்த மந்தைகள் கவனிப்பாரற்று மடிந்ததாலும், நாட்டின் கால்நடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இரண்டே ஆண்டுகளில் அழிந்தது.

1932 ஏப்ரலில் ஹூவ்ஸ்குல் பகுதியின் மடாலயம் ஒன்றில் மூண்ட கிளர்ச்சி, லாமாக்கள் எனப்படும் துறவிகளும் அராதுகளும், சில இடங்களில் கட்சி உறுப்பினர்களும் கூடச் சேர்ந்ததால், மேற்கு மாவட்டங்கள் பலவற்றில் பரவி, கெந்தெனின் பிறந்த மண்ணான ஓவொர்ஹங்காயையும் எட்டியது. சோவியத் ஆயுதங்களோடும் விமானங்களோடும் அது அடக்கப்பட்டபோதிலும், கொள்கையே கிளர்ச்சிக்குக் காரணம் என்பதை மாஸ்கோவாலும் மறுக்க இயலவில்லை. ‘இடது திரிபு’ எனப் பழைய கொள்கை கண்டிக்கப்பட்டது. 1932 ஜூலையில் பிரதமரான கெந்தென், ‘ஷினே எர்கெல்ட்’, அதாவது ‘புதிய திருப்பம்’ என்ற மாற்றுக் கொள்கையை நடத்தினார். கூட்டுப் பண்ணைகள் கலைந்தன, தனியார் வாணிகம் மீண்டது, வரிகள் குறைந்தன, மடாலயங்கள் மீதான நெருக்கடி தளர்ந்தது. சில ஆண்டுகளில் மந்தைகளும் பெருகின. எனினும் இக்காலமும் கறையற்றதன்று. 1933இல் கட்சித் தலைவர் லும்பே மீது ஜப்பானிய உளவுப் பழி சுமத்தப்பட்டு, அவரோடு பலர், குறிப்பாக புரியத் இனத்தவர், பொய்க் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்டதும் கெந்தெனின் ஆட்சியிலேதான்.

1932இல் மஞ்சூரியாவில் ஜப்பான் மஞ்சுகுவோ என்ற அரசை நிறுவியது முதல், மங்கோலியா சோவியத் எல்லையின் காப்பரணாக ஸ்டாலினுக்குத் தோன்றலாயிற்று. சோவியத் படைகளை நாட்டுக்குள் ஏற்பது, உள்நாட்டு அமைச்சகத்தை வலுப்படுத்துவது, அரசுக்குள் அரசாக விளங்கிய லாமாக்களை ஒழிப்பது ஆகியவற்றை அவர் வற்புறுத்தினார். 1934இல் பரஸ்பர உதவிக்கு வாய்மொழி உடன்பாட்டை ஏற்ற கெந்தென், மடாலய ஒழிப்பில் மட்டும் காலம் தாழ்த்திக்கொண்டே போனார். கிட்டத்தட்ட ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மகனோ உடன்பிறந்தவனோ துறவியாக இருந்த நாட்டில் மடாலயத்தின் மீது கை வைத்தால் என்ன நேரும் என்பதை 1932 அவருக்குக் கற்பித்திருந்தது. தானே பங்கேற்ற தவற்றிலிருந்து பெற்ற அந்த அறிவே அவருடைய தயக்கத்தின் வேர் எனக் கொள்வது பொருந்தும். 1935 டிசம்பரில் மாஸ்கோவில் நடந்த சந்திப்பு கடும் வாக்குவாதமாக முற்றியது. அப்போது அவர் ஸ்டாலினின் புகைக்குழாயைப் பிடுங்கி உடைத்தார் என்ற செய்தி, ஐயத்துக்குரியதாயினும், மங்கோலியர் நினைவில் அவர் எவ்வாறு பதிந்தார் என்பதைக் காட்டுகிறது.

1936 மார்ச்சில் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதே மாதம் 12ஆம் நாள் பரஸ்பர உதவி ஒப்பந்தம் எழுத்து வடிவில் கையெழுத்தாயிற்று. சிகிச்சை என்ற பெயரில் சோவியத் நாட்டுக்கு அனுப்பப்பட்ட கெந்தென், கிரிமியாவின் ஃபோரோஸ் என்ற கடற்கரை ஊரில் தங்கவைக்கப்பட்டு, 1937 ஜூலையில் கைது செய்யப்பட்டார். லாமாக்களோடும் ஜப்பானிய உளவாளிகளோடும் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, தான் பங்கேற்று உருவாக்கிய குடியரசின் பதின்மூன்றாம் ஆண்டு நிறைவு நாளான 1937 நவம்பர் 26 அன்று மாஸ்கோவில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அதற்குள், செப்டம்பரிலேயே, உள்நாட்டு அமைச்சர் சொய்பல்சானின் தலைமையில் மங்கோலியாவில் பெரும் ஒடுக்குமுறை தொடங்கிவிட்டது. அடுத்த பதினெட்டு மாதங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், அவர்களுள் பெரும்பாலோர் லாமாக்கள். நூற்றுக்கணக்கான மடாலயங்கள் இடிக்கப்பட்டன. கெந்தென் ஒத்திப்போட்டுவந்த அழிவு எத்தகையது என்பதை அந்த எண்ணிக்கைகளே உரைக்கின்றன. சோவியத் நீதிமன்றம் 1956இல் அவர் மீதான தீர்ப்பை நீக்கியபோதிலும், அவருடைய வரலாற்றை மங்கோலியர் வெளிப்படையாகப் பேச 1990இன் ஜனநாயக மாற்றம் வரை காத்திருக்க நேர்ந்தது. அதன் பின், அவருடைய மகள் செரெந்துலாம், தந்தை வாழ்ந்த மரவீட்டிலேயே அரசியல் ஒடுக்குமுறைக்குப் பலியானோருக்கான நினைவு அருங்காட்சியகத்தை உலான்பாத்தரில் அமைத்தார். லும்பே வழக்கில் வீழ்ந்தோரும், கெந்தெனுக்குப் பின் மாண்ட லாமாக்களும், கெந்தெனும் அந்தப் பலியானோர் வரிசையில் ஒருங்கே இடம்பெறுவதே அவருடைய வாழ்வை முழுமையாக நினைவுகூரும் முறையாகும்.