லே நகருக்கு எவ்வளவு ஆகும்?

மலைநாட்டுப் பக்கம் போய்வர வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் நம்மவர்கள் முதலில் தேடுவது ஒரு பென்சிலைத்தான். ரயிலுக்கு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு, தங்க இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று காகிதத்தின் ஓரத்தில் கூட்டிப் பார்ப்பார்கள். தொகை கையை மீறினால் ஒரு வேளைச் சாப்பாட்டை அடிப்பார்கள். அப்படியும் மீறினால் ஹோட்டலை அடித்துவிட்டு, 'யார் வீட்டிலாவது தங்கிக்கொள்ளலாம்' என்று எழுதுவார்கள். கணக்கு நேராகிவிடும்.

சிக்கனத்தைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கையில் காசு சேரட்டும் என்று காத்திருப்பவன் ஊரைவிட்டுக் கிளம்பவே மாட்டான். ஆனால் நாம் அடித்துவிட்ட அந்தத் தொகை எங்கே போகிறது? அது மாயமாய் மறைந்துவிடுவதில்லை. வேறொருவருடைய கணக்கில் ஏறிக்கொள்கிறது. இதை நன்றாக அறிந்த ஓர் ஏழைப் பிரயாணி இருநூறு வருஷங்களுக்கு முன் லடாக்கிலுள்ள லே நகருக்கு வந்து சேர்ந்தார். அவர் போட்ட திட்டமும் எழுதிய கணக்கும் இன்றைக்கும் பார்க்கத்தக்கவை.

அவர் பெயர் அலெக்ஸாண்டர் சோமா. 1784-ல் டிரான்சில்வேனியாவில் கோரோஸ் என்ற கிராமத்தில் பிறந்த ஹங்கேரியர். அந்தப் பிரதேசம் இப்போது ருமேனியாவைச் சேர்ந்தது. ஹங்கேரிய மக்களின் மூதாதையர் ஆசியாவின் நடுப்பகுதியிலிருந்து வந்தவர்கள் என்று அவர் நம்பினார். அவர்களுடைய பந்துக்கள் இன்னும் அங்கே எங்கோ இருக்கவேண்டும். அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவருடைய வைராக்கியம். அரசாங்க உத்தரவு கிடையாது. பணக்காரச் சங்கம் எதுவும் பின்னால் நிற்கவில்லை. ஓர் அன்பர் உதவிய சிறு தொகையும், கையில் ஒரு தடியும், ஒரு சிறு மூட்டையும்தான் இருந்தன. 1819 நவம்பரில் அவர் புறப்பட்டதைப் பார்த்தவர், பக்கத்து வயலுக்கு உலாவப் போகிறவரைப் போலத்தான் இருந்தது என்று பின்னாளில் எழுதி வைத்தார்.

பார்ப்பதற்கு அப்படி, உள்ளே வருஷக்கணக்கான ஆயத்தம் இருந்தது. 'கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த வார்த்தையும் எத்தனை நாளைக்கு?' என்று நம் பாட்டிமார் கேட்பார்கள். சோமா இரண்டையும் நம்பவில்லை. ஜெர்மனியில் கோட்டிங்கன் சர்வகலாசாலையில் படித்தபோதே அரபு மொழியைப் பயின்றார். வழியில் பயன்படும் என்று ஸ்லாவிய மொழியையும் கற்றுக்கொண்டார். துபாஷிக்குக் கூலி கொடுக்க முடியாதவன் தானே துபாஷியாகிவிட வேண்டும் என்பது அவருடைய முதல் விதி.

இரண்டாவது விதி, தனியாகப் போகாமல் கூட்டத்தோடு போவது. அலெப்போவிலிருந்து மோசூல் வரையில் ஆசிய உடை தரித்து, வணிகர் கூட்டத்தோடு சேர்ந்து நடந்தார். மோசூலிலிருந்து பாக்தாதுக்கு ஆற்றுவழியாகப் போனார். டெஹ்ரானில் ஆங்கிலத் தூதரின் ஆதரவில் சில மாதம் தங்கிப் பாரசீக மொழியில் தேர்ச்சி பெற்றார். அங்கிருந்து கிளம்பும்போது தம்முடைய பாஸ்போர்ட்டையும் காகிதங்களையும் தூதரிடமே ஒப்படைத்தார். வழியில் தாம் இறந்துவிட்டால் அவற்றை வீட்டாருக்கு அனுப்பிவிடும்படி கேட்டுக்கொண்டார். பிறகு ஆர்மீனியர் வேஷத்தில் புறப்பட்டு, பொகாரா, காபூல், லாகூர், காஷ்மீரம் என்று நடந்து, 1822 ஜூன் 9-ந் தேதி லே நகரை அடைந்தார். ஊரைவிட்டு இரண்டரை வருஷம் ஆகியிருந்தது.

லே நகரம் சிந்து நதிப் பள்ளத்தாக்கில், கடல்மட்டத்துக்குச் சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. மழை என்பதே அங்கு அபூர்வம். பனி உருகி ஓடிவரும் நீரை வாய்க்காலில் திருப்பித்தான் பார்லி பயிரிடுகிறார்கள். ஆயினும் அந்நாளில் அது பெரிய சந்தை. காஷ்மீரத்துச் சால்வைக்கு வேண்டிய மெல்லிய ஆட்டுரோமம் திபெத்திலிருந்து அங்கே வந்து கைமாறும். வடக்கே காரகோரம் கணவாயைத் தாண்டி யார்கண்டுக்குப் போகும் வழியும் அங்கிருந்துதான் புறப்படுகிறது. சோமா போக நினைத்தது அந்த வழியில்தான்.

போக முடியவில்லை. அந்தப் பாதைக்கு ஆகும் செலவு பெரிது. கிறிஸ்தவர் ஒருவர் தனியே போவதில் ஆபத்தும் அதிகம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். ஆண்டுக்கணக்காக நடந்து வந்த மனிதர் மனம் நொந்து காஷ்மீரத்தை நோக்கித் திரும்பினார்.

திரும்பும் வழியில், திராஸ் என்ற ஊருக்கு அருகே, வில்லியம் மூர்கிராப்ட் எதிர்ப்பட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணை அதிகாரியான அவர், சரக்கு மூட்டைகளோடும் பரிவாரத்தோடும் 1820-லேயே லே நகருக்கு வந்தவர். அவரும் யார்கண்டு போக அனுமதி கேட்டு ஏறக்குறைய இரண்டு வருஷம் காத்திருந்தார், அனுமதி வரவில்லை. பரிவாரத்தோடு வந்தவருக்கும் மூட்டையோடு வந்தவருக்கும் அந்த மலை ஒரே பதிலைத்தான் சொல்லியது!

மூர்கிராப்ட் திபெத்திய மொழியைப் பற்றிய ஒரு பழைய நூலைச் சோமாவுக்குக் கொடுத்தார். அந்த மொழியைக் கற்று அகராதி செய்யும்படி தூண்டிப் பண உதவியும் செய்தார். சோமா திட்டத்தை மாற்றிக்கொண்டார். தேடிவந்த பந்துக்களைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, 1823-ல் ஸன்ஸ்கார் பள்ளத்தாக்கில் ஸங்லா என்ற இடத்துக்குப் போய், சங்கியே புன்ட்சோக் என்ற லாமாவிடம் மாணவராக அமர்ந்தார்.

ஒன்பதடிச் சதுரமுள்ள ஓர் அறை. குளிர்காலத்தில் வெளியே தலைகாட்ட முடியாது. நெருப்பு இல்லை, விளக்கு இல்லை, வெறுந்தரைதான் படுக்கை. ஆட்டுத்தோலைப் போர்த்துக்கொண்டு காலையிலிருந்து அந்தி வரையில் குருவும் சீடரும் ஏடுகளைப் படித்தார்கள். ஏட்டைப் புரட்டுவதற்காகத் தோலுக்குள்ளிருந்து கையை வெளியே நீட்டுவதே பெரிய சாகசம்!

1824-ன் இறுதியில் அவர் சபாத்து என்ற எல்லைக் காவல் ஊருக்கு வந்தபோது ஒற்றரோ என்று ஐயுற்றுத் தடுத்து நிறுத்தினார்கள். பிறகு விஷயம் விளங்கி, அரசாங்கம் மாதம் 50 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. 1827 முதல் 1830 வரையில் சட்லெஜ் நதிப் பக்கத்துக் கானம் என்ற மலைக்கிராமத்தில் அதை வைத்துக்கொண்டு வாழ்ந்தார். எப்படி என்கிறீர்களா? அதில் பாதியை மாதந்தோறும் லாமாவுக்குக் கொடுத்துவிடுவார். மிச்சத்தில் வாடகை, வேலைக்காரன் சம்பளம், சாப்பாடு எல்லாம் ஆகவேண்டும். டாக்டர் ஜெரார்டு என்ற ஆங்கிலேயர் அவரைக் காணச் சென்றபோது அரிசி, சர்க்கரை, ஒரு போர்வை ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்தார். சோமா திருப்பிக் கொடுத்துவிட்டார். தமக்கு வேண்டிய சில சாமான்களுக்குத் தம் பணத்தையே எடுத்து நீட்டினார்.

இந்த இடத்தில்தான் நம்முடைய காகிதக் கணக்கும் சோமாவின் கணக்கும் பிரிகின்றன. தம் சாப்பாட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் அடித்தார். பிறருக்குச் சேரவேண்டியதில் ஒரு காசும் அடிக்கவில்லை. நாமோ நம் சௌகரியத்தை அப்படியே வைத்துக்கொண்டு பிறருடைய பங்கில் பேரம் பேசுகிறோம்.

இன்று லே நகருக்குப் போவதற்கு ஆர்மீனியர் வேஷம் வேண்டாம். 1974-ல் லடாக் பிரயாணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. விமானம் இருக்கிறது, ஸ்ரீநகரிலிருந்தும் மணாலியிலிருந்தும் சாலை இருக்கிறது. சிக்கனமாகப் போகிறவர் சாலையில் போகலாம், சிறு விடுதியில் தங்கலாம். ஆனால் திட்டத்தில் சில வரிகளை மட்டும் அடிக்கக்கூடாது. போய் இறங்கியதும் இரண்டு நாள் சும்மா இருக்கவேண்டும். அந்த உயரத்துக் காற்றுக்கு உடம்பு பழகாமல் மேலே ஏறினால் உயிருக்கே ஆபத்து. வழி அடைபட்டால் காத்திருப்பதற்கு நாலு நாள் செலவைத் தனியே முடிந்துகொள்ளவேண்டும். சாப்பாடு போட்ட வீட்டுக்குரிய பணத்தைக் குறைக்காமல் கொடுக்கவேண்டும். தண்ணீரைக் கணக்காகச் செலவழிக்கவேண்டும். அந்த ஊரில் ஒரு வாளித் தண்ணீர் என்பது யாரோ ஒருவருடைய பயிரின் பங்கு.

சோமா யார்கண்டுக்கும் போகவில்லை, பந்துக்களையும் காணவில்லை. 1842-ல் லாசாவுக்குப் போகும் எண்ணத்தோடு டார்ஜிலிங் சென்றவர், வழியில் பற்றிய காய்ச்சலால் ஏப்ரல் 11-ந் தேதி இறந்துபோனார். நாலு பெட்டி நிறையப் புத்தகங்களும் காகிதங்களும், எப்போதும் அணிந்திருந்த நீல உடை ஒன்று, சில சட்டைகள், சமைக்க ஒரு பாத்திரம்: அவ்வளவுதான் அவருடைய ஆஸ்தி.

ஆனால் 1834-ல் கல்கத்தாவில் அச்சான அவருடைய திபெத்திய-ஆங்கில அகராதி இருக்கிறது. அதன் முகப்பில், இந்த நூல் ஸன்ஸ்கார் நாட்டுப் பண்டிதரான லாமா சங்கியே புன்ட்சோக்கின் துணையோடு செய்யப்பட்டது என்று அச்சிட்டிருக்கிறார்கள். லாமாவின் பெயர் முதலில் வருகிறது. சோமாவின் பெயர் அதற்கு அடுத்தபடியாகத்தான்.