இடுப்புக் கிண்ணக் கோணம்

தொடை எலும்பின் உருண்டைத் தலை பொருந்தி உட்காரும் குழியே இடுப்புக் கிண்ணம். அதன் வாய் எவ்வளவு சரிந்து, எவ்வளவு முன்பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் படத்தில் அளப்பது எலும்பு மருத்துவத்தின் அடிப்படைக் கணக்குகளில் ஒன்று.

எக்ஸ்ரே 1895இல் வந்தது. ஸ்வீடனின் குன்னார் வீபெர்க் 1939இல் தந்த அளவு இன்றும் புழக்கத்தில் உள்ளது. தொடை எலும்புத் தலையின் நடுவிலிருந்து செங்குத்தாக ஒரு கோடு, கிண்ணத்தின் வெளிவிளிம்புக்கு இன்னொரு கோடு. இடைக்கோணம் 25 பாகைக்கு மேல் இருந்தால் இயல்பு. 20க்குக் கீழே போனால் கிண்ணம் தலையைப் போதுமான அளவு மூடவில்லை. பென்சிலும் பாகைமானியும் போதும்.

ஆனால் எக்ஸ்ரே தட்டையான நிழல். கிண்ணத்தின் முன்விளிம்பும் பின்விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். முன்விளிம்பின் கோடு பின்விளிம்பின் கோட்டைக் குறுக்கே வெட்டினால் கிண்ணம் பின்னோக்கித் திரும்பியிருக்கலாம் என்று 1999இல் ரெய்னால்ட்ஸ் குழுவினர் காட்டினர். படுத்தவர் இடுப்பு சற்றே சாய்ந்தாலும் இந்த அடையாளம் பொய்யாகத் தோன்றும். அதனால்தான் வால் எலும்பின் நுனி, முன்புற இடுப்பெலும்பு இணைப்புக்கு நேர்மேலே விழுகிறதா என்று முதலில் பார்க்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது சி.டி. ஸ்கேன். 1971இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. சில ஆண்டுகளில் முழு உடலுக்கும் வந்தது. குறுக்குவெட்டுப் படத்தில் முன்திருப்பத்தை நேரடியாக அளக்க முடிந்தது. கதிர்வீச்சு கூடுதல் என்பதால் இளவயதினருக்கு யோசித்தே எடுக்க வேண்டும்.

இடுப்பு மாற்று அறுவையில் செயற்கைக் கிண்ணம் பொருத்துவதற்கு லூவினெக் 1978இல் ஓர் எல்லை வகுத்தார்: சரிவு 30 முதல் 50 பாகை, முன்திருப்பம் 5 முதல் 25. இந்த எல்லைக்குள் பொருத்தியும் மூட்டு நழுவுவது உண்டு. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், நழுவிய மூட்டுகளில் 58 சதவீதம் இந்த எல்லைக்குள்ளேயே இருந்தன. உட்காரும்போது இடுப்பு பின்னால் சாய்ந்து கிண்ணத்தின் வாயை முன்னே திறந்துவிடுகிறது. முதுகு இறுகியவருக்கு அது நடப்பதில்லை, அதனால் மூட்டு நழுவலாம். படுத்த நிலையில் எடுத்த ஸ்கேனில் இது தெரியாது. நின்றும் உட்கார்ந்தும் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

உட்காரும்போது எழும் இந்தச் சிக்கல் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்கு மிகவும் பொருந்தும். களையெடுப்பவர் காட்டில் குந்தி நகர்கிறார். வீட்டில் சம்மணமிட்டே சாப்பாடு. மதுரை இராசாசி மருத்துவமனையை நம்பியிருந்த இவ்வட்டாரத்துக்கு 2022 முதல் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் பக்கத்தில் உண்டு. இடுப்பு மாற்று அறுவைக்குப் போகிறவர்கள், தரையில் உட்கார்ந்து செய்யும் வேலைகளை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே படங்களையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.