ஒரு காடாத்துணி குடித்த நிறங்கள்

1952 அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில், மன்ஹாட்டன் மேற்கு 23ஆம் தெருவில் இருந்த ஓர் ஓவியக்கூடத்தின் தரையில் ஒரு பருத்தித் துணி விரிக்கப்பட்டது. ஏறக்குறைய 7 அடிக்கு 10 அடி. வெளுக்காத, கனத்த காடாத்துணி. அன்று பொழுது சாய்வதற்குள் அது ஓர் ஓவியமாகிவிட்டது. பின்னர் அதற்கு வைக்கப்பட்ட பெயர் ‘மலைகளும் கடலும்’. வரைந்தவர் ஹெலன் ஃபிராங்கன்தாலர். அப்போது அவருக்கு வயது 23.

அரூப ஓவியர்கள் உள்ளுணர்வால் வரைகிறார்கள் என்று பலரும் எழுதுகிறோம். கண்ணை மூடிக்கொண்டு கைபோன போக்கில் போவது என்று அது புரிந்துகொள்ளப்படுகிறது. அப்படி நினைப்பவர்களுக்கு நான் இந்தத் துணியின் கதையைத்தான் சொல்வேன்.

துணியிலிருந்தே தொடங்கலாம். தைலவண்ணத்தில் வரைபவர்கள் நூற்றாண்டுக் கணக்காகப் பொதுவாக வெறுந்துணியின்மேல் வண்ணம் வைத்ததில்லை. முதலில் பசை பூசுவார்கள், அதன்மேல் வெள்ளை அடிப்பூச்சு கொடுப்பார்கள், அது காய்ந்த பிறகுதான் தூரிகையை எடுப்பார்கள். இதற்குக் காரணம் உண்டு. தைலவண்ணத்தில் நிறப்பொடியைப் பிடித்து வைத்திருப்பது ஆளிவிதை எண்ணெய். அது பஞ்சு நாருக்குள் இறங்கினால், காற்றுபட்டுக் கெட்டிப்படும்போது நாரையும் சேர்த்து அரிக்கும். துணி பழுப்பேறும், பிறகு விறைத்து நொறுங்கும். அடிப்பூச்சு என்பது எண்ணெய்க்கும் துணிக்கும் நடுவே எழுப்பிய சுவர். ஹெலன் அன்றைக்கு அந்தச் சுவரை எழுப்பவில்லை.

அவர் திடீரென்று வந்து நின்றவர் அல்லர். நியூயார்க் மாநில நீதிபதி ஒருவரின் மகள். டால்டன் பள்ளியில் மெக்சிகோ ஓவியர் ரூஃபினோ தமாயோவிடம் பாடம் கேட்டார். பென்னிங்டன் கல்லூரியில் பால் ஃபீலியிடம் கியூபிச ஓவியங்களை மூலைமூலையாகப் பிரித்துப் பார்க்கக் கற்றார். இந்தக் கோடு ஏன் இங்கே நிற்கிறது, இந்தச் சாம்பல் நிறம் எதைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்ற விசாரணை அது. 1950 கோடையில் சில வாரங்கள் ஓவியர் ஹான்ஸ் ஹாஃப்மனிடம் பயின்றார். அதே ஆண்டில் விமர்சகர் கிளமென்ட் கிரீன்பர்க்கைச் சந்தித்தார். இருவரும் சில ஆண்டுகள் நெருக்கமாக இருந்தார்கள். கிரீன்பர்க்தான் அவரை பெட்டி பார்சன்ஸ் காலரிக்கு அழைத்துப்போய் ஜாக்சன் பொல்லாக்கின் ஓவியங்களைக் காட்டினார்.

பொல்லாக் கான்வாஸைச் சட்டத்திலிருந்து இறக்கித் தரையில் போட்டிருந்தார். நாற்புறமும் சுற்றி வந்து, குச்சியில் எடுத்த எனாமலைச் சொட்டி, வீசி வரைந்தார். தரைக்கு இறங்குவதை ஹெலன் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். மற்றதை எடுக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பின்னாளில் அவரே தெளிவாக விளக்கியிருக்கிறார்: பொல்லாக்கின் வண்ணம் கான்வாஸின்மேல் தோல்போலப் படிந்து நின்றது, தன்னுடையது இழைக்குள் இறங்கி இழையோடு ஒன்றாகிவிட்டது என்று.

1952 ஆகஸ்டில் ஹெலனும் கிரீன்பர்க்கும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார்கள். கேப் பிரெட்டன் தீவில் மலைகள் அட்லாண்டிக் கடலோரம் வரை வந்து செங்குத்தாக இறங்கும். காடும் பாறையும் தண்ணீரும் ஒரே பார்வைக்குள் அடங்கும் இடம். அங்கே அவர் கண்முன் இருந்ததைப் பார்த்துப் பார்த்துச் சிறிய நீர்வண்ண ஓவியங்கள் தீட்டினார். நீர்வண்ணத்தில் தாளின் வெள்ளை சும்மா இருப்பதில்லை. தொடாமல் விட்ட இடமும் ஓவியத்தில் பங்கெடுக்கும். நிறம் தண்ணீரோடு ஓடி, எங்கே நிற்பது என்பதைப் பாதி அதுவே முடிவு செய்யும். அந்தப் பழக்கம் கையில் ஏறியிருந்த நிலையில் அவர் ஊர் திரும்பினார்.

அக்டோபரில் துணியை விரித்தபோது கேப் பிரெட்டன் ஓவியங்களைப் பெரிதாக்கிப் படியெடுக்கும் எண்ணம் அவரிடம் இல்லை. அந்த நிலக்காட்சிகள் தன் கைகளுக்குள் இருந்தன என்று பிற்பாடு சொன்னார். முதலில் கரிக்கோலால் சில கோடுகள் இழுத்தார். வேகமான கோடுகள், ஒரு சரிவு, ஒரு வளைவு, ஒரு சுழிப்பு. பிறகு தைலவண்ணத்தில் டர்பன்டைனை ஊற்றி, நீர்வண்ணம் அளவுக்கு நீர்க்கச் செய்து, துணியின்மேல் ஊற்றினார். இளஞ்சிவப்பு, நீலம், பச்சை, மங்கிய சிவப்பு. துணி குடித்தது. நிறம் பரவ ஆரம்பித்ததும் கரிக்கோடுகளுக்கு அதிகாரம் போய்விட்டது. சில இடங்களில் நிறம் கோட்டை ஒட்டி நின்றது, சில இடங்களில் கோட்டைத் தாண்டிப் போனது, சில கோடுகள் துணையின்றித் தனியாகவே நின்றன. துணியின் பெரும்பகுதியை அவர் தொடவே இல்லை.

இந்த இடத்தில்தான் உள்ளுணர்வு என்பதன் வேலை நடக்கிறது என்று நினைக்கிறேன். நிறத்தை ஊற்ற யாராலும் முடியும். துணி குடித்ததைத் திரும்ப வாங்க யாராலும் முடியாது. சாதாரணத் தைலவண்ணத்தில் பிடிக்காததைச் சுரண்டலாம், மேலே பூசி மறைக்கலாம், நாளைக்குத் திருத்தலாம். இந்த முறையில் அந்த வசதி ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஊற்றலுக்குப் பிறகும் கேள்வி ஒன்றுதான்: இன்னும் வேண்டுமா, போதுமா? இதற்கு யோசித்துப் பதில் சொல்ல நேரமும் இல்லை, ஈரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பென்னிங்டனில் பிரித்துப் பார்த்த ஓவியங்கள், பொல்லாக்கின் தரை, கேப் பிரெட்டனின் சரிவு எல்லாம் சேர்ந்து அந்த நொடியில் கையை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். 23 வயதில் ஒருவர் 10 அடி அகலத் துணியின் பெரும்பரப்பை வெறுமையாக விட்டுவிட்டு, முடிந்தது என்று கீழே பெயரும் தேதியும் எழுதியதை நான் அந்த ஓவியத்தின் மிகத் துணிச்சலான செயலாகக் கருதுகிறேன்.

1953 தொடக்கத்தில் டிபோர் டி நாகி காலரியில் அது மாட்டப்பட்டது. விலை போகவில்லை. பார்த்தவர்கள் பலருக்கு அது வண்ணம் துடைத்துப் போட்ட பெரிய துணியாக, ஏதோ தற்செயலாக நேர்ந்ததாக, முடிக்காமல் விட்டதாகத் தெரிந்தது என்று ஹெலனே நினைவுகூர்ந்திருக்கிறார். ஓவியம் அவரிடமே திரும்பி வந்தது. கடைசிவரை அவர் அதை விற்கவில்லை.

அந்த ஏப்ரலில் கிரீன்பர்க் வாஷிங்டனிலிருந்து வந்திருந்த இரண்டு ஓவியர்களை ஹெலனுடைய ஓவியக்கூடத்துக்கு அழைத்துவந்தார். ஒருவர் மோரிஸ் லூயிஸ், வயது 40. இன்னொருவர் கென்னத் நோலண்ட், முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர். லூயிஸ் பல ஆண்டுகளாக வரைந்துகொண்டிருந்தும் தனக்கென ஒரு பாதை கிடைக்காதவர். பொல்லாக்கிடமிருந்து இனிச் சாத்தியமாகக்கூடியதற்குப் போகும் பாலம் இது என்று லூயிஸ் சொன்னதாகக் கலை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. இருவரும் வாஷிங்டன் திரும்பினார்கள். 1954இல் லூயிஸ் நிறத்திரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஊற்றி வரைந்த ‘வெய்ல்’ வரிசையைத் தொடங்கினார். வீட்டுச் சாப்பாட்டு அறைதான் அவருடைய ஓவியக்கூடம். கான்வாஸை முழுதாக விரிக்கக்கூட அங்கே இடம் போதாது. நோலண்ட் வட்டங்களுக்குப் போனார். ‘கலர் ஃபீல்டு’ என்று பெயர்பெற்ற ஓவியப் போக்கின் ஒரு கிளை இதிலிருந்து வளர்ந்ததுதான்.

யாரும் வாங்காத ஒரு துணி, ஒரே பார்வையில் இரண்டு பேருடைய வாழ்க்கையைத் திருப்பியிருக்கிறது. 1960இல் லூயிஸையும் நோலண்டையும் பற்றி எழுதிய கட்டுரையில் கிரீன்பர்க் இந்த ஓவியத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். ஆனால் கட்டுரையின் நாயகர்கள் அவர்கள் இருவரும்தான். பல வருடங்களுக்கு ஹெலனின் பெயர் அவர்களுக்கு முன்னுரையாகவே எழுதப்பட்டது. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது. லூயிஸின் திரைகள் அழகானவை, அதில் மறுப்பில்லை. ஆனால் ‘மலைகளும் கடலும்’ ஓவியத்தில் உள்ள பதற்றம், கோடும் நிறமும் ஒன்றையொன்று மீறிப் போகும் துடிப்பு, அவற்றில் இல்லை. லூயிஸ் ஒரு முறையைக் கண்டெடுத்துக்கொண்டு அதைச் செம்மைப்படுத்தினார். ஹெலன் எந்த முறையிலும் குடியிருக்க மறுத்தார்.

அடுத்த அரை நூற்றாண்டும் அவர் அப்படித்தான் இருந்தார். 1957இல் ‘யாக்கோபின் ஏணி’. அது 1959இல் பாரிஸில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடந்துவந்த கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிக்கொடுத்தது. 1966இல் வெனிஸ் பியனாலே. 1969இல் விட்னி அருங்காட்சியகத்தில் பெரிய கண்காட்சி. 1958இல் ஓவியர் ராபர்ட் மதர்வெல்லை மணந்தார், 1971இல் பிரிந்தார். விதி என்று எதுவும் கிடையாது, ஓவியம் எங்கே கூட்டிப் போகிறதோ அங்கே போக வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதோடு இன்னொன்றும் சொன்னார், அதை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு: நல்ல ஓவியம் ஒரே மூச்சில் பிறந்ததுபோலத் தெரிய வேண்டும், பாடுபட்ட தடம் தெரிந்தால் அதைக் கழித்துவிட வேண்டும். அப்படி ஒரே மூச்சாகத் தெரியும் ஒன்றுக்காகப் பல கான்வாஸ்களை வீணாக்கவும் அவர் தயங்கவில்லை. நாம் காண்பது கழித்ததுபோக மிஞ்சியவற்றை.

1960களின் தொடக்கத்தில் அவர் தைலவண்ணத்தை விட்டு அக்ரிலிக்குக்கு மாறினார். அக்ரிலிக் தண்ணீரில் கரையும், எண்ணெய் இல்லை, வெறுந்துணியை அரிக்காது. 1963இல் அப்படி வரைந்த ‘வளைகுடா’ டெட்ராய்ட் கலைக்கூடத்தில் இருக்கிறது. 2006இல் பள்ளிச் சுற்றுலா வந்த 12 வயதுச் சிறுவன் ஒருவன் வாயிலிருந்த சூயிங்கத்தை எடுத்து அதில் ஒட்டிவிட்டான். கம் எளிதில் வந்துவிட்டது, அதன் கறை வரவில்லை. கறையை எடுக்க ஓவியப் பாதுகாப்பு வல்லுநர்கள் தனியாக உழைக்க வேண்டியிருந்தது. மேலே கண்ணாடிபோல வார்னிஷ் படிந்த பழைய ஓவியத்தில் இவ்வளவு சிரமம் இருந்திருக்காது.

உள்ளுணர்வுக்கும் வேகத்துக்கும் முடிச்சுப் போடுபவர்கள் அவருடைய மரச்செதுக்குப் படங்களைப் பார்க்க வேண்டும். 2000இல் அச்சுக்கலைஞர் கென் டைலரின் பட்டறையில் உருவான ‘மேடம் பட்டர்ஃபிளை’ மூன்று தாள்களில் விரிகிறது. அதற்கு 46 மரக்கட்டைகள், 102 நிறங்கள். ஒவ்வொரு கட்டையையும் செதுக்கி, மையிட்டு, இம்மி பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அச்சிட வேண்டும். மரச்செதுக்கைப்போல ஊற்றலுக்கு எதிரான கலை வேறில்லை. ஆனாலும் முடிந்த படம் ஈரம் காயாத நீர்வண்ணம்போல இருக்கிறது. அந்த 102 நிறங்களுக்குப் பின்னாலும் 1952இல் கேட்ட அதே கேள்விதான், இம்முறை மிகமிக மெதுவாகக் கேட்கப்பட்டிருக்கிறது.

‘மலைகளும் கடலும்’ இதற்கிடையே வயதேறிக்கொண்டிருந்தது. அக்ரிலிக்குக்கு மாறிய பயன் அதற்குக் கிடைக்கவில்லை. நிறத்தைத் தாண்டி எண்ணெய் மட்டும் தனியாகக் கசிந்து ஒவ்வொரு நிறத்திட்டையும் சுற்றி ஒரு வளையம் கட்டியிருக்கிறது; வடை மடித்துத் தந்த தாளில் படரும் எண்ணெயைப்போல. வெளுக்காத துணி மேலும் பழுப்பேறியிருக்கிறது. சுவர் எழுப்பாததற்கு விலை இது. அன்றைய இளஞ்சிவப்பும் நீலமும் துணியின் வெளிர்நிறத்தோடு என்ன பேசியிருக்கும் என்பதை இன்று நாம் ஓரளவு ஊகித்துக்கொள்ளத்தான் வேண்டும். சுத்தம் செய்வதும் லேசில்லை: மேற்பரப்பு என்று தனியாக ஒன்றும் இல்லாத ஓவியத்தில் எதைத் துடைப்பது? தண்ணீரோ கரைப்பானோ பட்டால் அது நேராக நாருக்குள் போகும்.

இந்தச் சேதத்தைக் குறையாகப் பார்க்க என்னால் முடியவில்லை. எண்ணெயைத் துணி குடித்ததால்தான் அந்த ஓவியம் உண்டானது. குடித்ததால்தான் இப்படி முதுமை கொள்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விலக்க வழி இருக்கவில்லை.

ஹெலன் 2011 டிசம்பர் 27 அன்று கனெக்டிகட் மாநிலத்தில், 83 வயதில் காலமானார். ஓவியம் அவர் பெயரிலான அறக்கட்டளையின் உடைமை. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்கு நீண்டகால இரவலாகத் தரப்பட்டிருக்கிறது. புத்தகத்திலும் திரையிலும் அதைப் பார்த்தவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அச்சில் அந்தத் துணி வெறும் வெளிர்மஞ்சள் பின்னணியாகிவிடுகிறது, நிறங்கள் அதன்மேல் படிந்தவையாகத் தெரிகின்றன. நிறம் இழைக்குள் இறங்கியிருப்பதை எந்தப் பிரதியும் காட்டாது. வாஷிங்டன் பக்கம் போகிறவர்கள் அது காட்சியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, இருந்தால் அவசியம் போய்ப் பார்க்க வேண்டும். அனுமதி இலவசம்.