இராமநாதபுரம் மாவட்டக் கடற்பாசித் தொழில்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்பாசித் தொழில் என்பது தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலும் இராமேசுவரம் தீவிலும் சிறு முதலீட்டில் நடைபெறும் ஒரு குடும்பத் தொழில் ஆகும். இயற்கையாக வளரும் பாசியைச் சேகரித்தல், மூங்கில் மிதவைகளில் பாசியை வளர்த்தல், காய்ந்த பாசியிலிருந்து பொருட்களை உருவாக்குதல் என இது மூன்று கிளைகளைக் கொண்டது. இத்தொழிலில் ஈடுபடுவோரில் பெரும்பான்மையினர் மீனவப் பெண்கள். சொந்தப் படகோ நிலமோ இல்லாதவரும் தொடங்கக்கூடிய தொழில் என்பதால், மகளிர் சுய உதவிக் குழுக்கள், வங்கிகள், ஆய்வு நிறுவனங்கள், அரசுத் துறைகள் ஆகியவற்றின் உதவி இதில் குறிப்பிடத்தக்க பங்கு வகிக்கிறது.

புவியியல்

இம்மாவட்டத்தின் கரை இரு வேறு கடல்களை நோக்கியுள்ளது. தெற்கே மன்னார் வளைகுடாவும் வடக்கே பாக்கு விரிகுடாவும் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைப் பகுதியும் 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் வளைகுடாவின் 10,500 சதுர கி.மீ. பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. பாக்கு விரிகுடா ஆழம் குறைந்தது. ஆண்டின் பெரும்பகுதியில் அலை அடங்கியிருப்பது. எனவே மிதவை வளர்ப்பு பெரும்பாலும் இவ்விரிகுடாவின் கரையிலேயே நடைபெறுகிறது. மண்டபத்தை அடுத்த முனைக்காடு, தோணித்துறை, இராமேசுவரம் தீவிலுள்ள சம்பை, மாங்காடு முதலிய ஊர்கள் இதற்குப் பெயர் பெற்றவை.

இயற்கைப் பாசி சேகரிப்பு

மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டைக்கோரை ஆகியன இங்கு சேகரிக்கப்படும் முதன்மையான வகைகள். முதல் இரண்டிலிருந்து அகார் என்னும் கூழ்மப் பொருளும் கட்டைக்கோரையிலிருந்து அல்ஜினேட்டும் எடுக்கப்படுகின்றன. பெண்கள் கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிப் பாறைகளிலிருந்து பாசியைப் பறிக்கின்றனர். பாறை கீறுவதாலும் நெடுநேரம் உப்புநீரில் இருப்பதாலும் காயங்கள் ஏற்படுவது வழக்கம்.

தேசியப் பூங்காவிற்குரிய சட்டக் கட்டுப்பாடுகள் 2000களில் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டபோது, தீவுகளை அண்டிப் பாசி எடுத்துவந்த பெண்கள் தம் வாழ்வாதாரத்தை இழக்கும் நிலைக்கு ஆளாயினர். இதனையடுத்து அவர்கள் கூட்டமைப்பாகத் திரண்டு, தமக்குத் தாமே விதிகளை வகுத்துக்கொண்டனர். அமாவாசையை ஒட்டி ஆறு நாட்கள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாட்கள் என மாதத்தில் பன்னிரண்டு நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது என்பதும், மீன்பிடித் தடைக்காலத்தில் தாமும் தொழிலை நிறுத்திக்கொள்வது என்பதும் அவற்றுள் சில. பாசி மீண்டும் தழைக்க இவ்விடைவெளி உதவுகிறது. பாசி எடுக்கும் பெண்களுக்கு அடையாள அட்டைகளும் வழங்கப்பட்டன. இம்முயற்சியில் முன்னின்ற பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த இலட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தனது விருதை வழங்கியது.

மிதவை வளர்ப்பின் வரலாறு

வளர்ப்பிற்குப் பயன்படும் கப்பாபைகஸ் ஆல்வரேசி என்னும் சிவப்புப் பாசி இந்தியக் கடலுக்கு உரியதன்று. பிலிப்பைன்சைத் தாயகமாகக் கொண்டது. பாவ்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருட்கள் ஆராய்ச்சி நிறுவனம் இதனை 1984இல் இந்தியாவிற்குக் கொண்டுவந்து, முதலில் குஜராத் கரையிலும் பின்னர் 1990களில் மண்டபத்திலும் சோதனை முறையில் வளர்த்தது. இதிலிருந்து கிடைக்கும் கேரஜீனன் என்னும் பொருள் ஐஸ்கிரீம், பற்பசை, பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றில் கெட்டித்தன்மை தருவதற்காகச் சேர்க்கப்படுகிறது.

2000களின் தொடக்கத்தில் பெப்சிகோ இந்தியா நிறுவனம் இத்தொழில்நுட்பத்தைப் பெற்று, சுய உதவிக் குழுக்களுடன் ஒப்பந்த முறையில் வளர்ப்பைத் தொடங்கியது. குழு உறுப்பினர்களுக்கு வங்கிக் கடன் கிடைத்தது. விளைந்த பாசியை நிறுவனமே வாங்கிக்கொண்டது. 2008இல் இத்தொழில் அக்வாக்ரி நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதன் ஆலை சிவகங்கை மாவட்டம் மானாமதுரையில் உள்ளது.

இந்தியாவில் இப்பாசியின் உற்பத்தி 2001இல் 21 டன் உலர் பாசியாக இருந்து 2012இல் 1,490 டன்னாக உயர்ந்தது. இதே காலத்தில் உலர் பாசியின் கொள்முதல் விலை கிலோவிற்கு ஏறத்தாழ 4.50 ரூபாயிலிருந்து 35 ரூபாயாக உயர்ந்தது. 2013ஆம் ஆண்டிற்குப் பின் பாசி பெருமளவில் மடிந்ததால் உற்பத்தி திடீரெனச் சரிந்தது. கடல்நீர் வெப்பம் மிகுந்ததும் நோய்த் தாக்கமும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஒரே தாய்ச்செடியின் துண்டுகளையே மீண்டும் மீண்டும் நட்டு வந்ததால் விதைப்பாசியின் வீரியம் குன்றியதும் சுட்டிக்காட்டப்படுகிறது.

வளர்ப்பு முறை

3 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட சதுர மூங்கில் சட்டமே மிதவை ஆகும். அதன் குறுக்கே 20 கயிறுகள் கட்டப்படும். ஒவ்வொரு கயிற்றிலும் ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ள 20 பாசித் துண்டுகள் கட்டப்படும். ஆக ஒரு மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி தேவை. ஓரா போன்ற பாசி மேயும் மீன்கள் புகாதவாறு மிதவையின் அடியில் வலை கட்டப்படும். பின்னர் மிதவைகளை ஒன்றோடொன்று பிணைத்து நங்கூரமிடுவர்.

45 நாட்களில் ஒரு மிதவை சராசரியாக 260 கிலோ ஈரப்பாசி தரும். அதில் 60 கிலோ அடுத்த நடவிற்கு விதையாக ஒதுக்கப்படும். எஞ்சிய 200 கிலோ காய்ந்தபின் ஏறத்தாழ 20 கிலோவாகும். ஒரு குடும்பம் 45 மிதவைகள் வைத்திருப்பது பொருத்தமான அளவாகக் கொள்ளப்படுகிறது. அவ்வாறாயின் நாள்தோறும் ஒரு மிதவையை அறுவடை செய்து, அன்றே மறுநடவும் செய்யலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாக்கு விரிகுடா கொந்தளிப்பாக இருப்பதால் வளர்ப்பு நிறுத்தப்படுகிறது. எனவே ஆண்டுக்கு நான்கு அல்லது ஐந்து சுற்றுகளே இயலும்.

முதலீடும் வருவாயும்

2020இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் ஒரு மிதவைக்கு 1,500 ரூபாயை அலகுச் செலவாக நிர்ணயித்தது. அதன்படி 45 மிதவைகளுக்கு 67,500 ரூபாய் ஆகும். இத்திட்டத்தில் பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் ஏனையோருக்கு 40 விழுக்காடும் மானியம் வகுக்கப்பட்டது. ஆகவே பெண் ஒருவருக்கு மானியம் 40,500 ரூபாய். அவர் திரட்ட வேண்டியது 27,000 ரூபாய்.

வருவாயைப் பொறுத்தவரை, 45 மிதவைகள் ஒரு சுற்றில் 900 கிலோ உலர் பாசி தரக்கூடும். 2012ஆம் ஆண்டின் விலையான 35 ரூபாயில் கணக்கிட்டால் இது 31,500 ரூபாயாகும். மூங்கில், கயிறு, வலை ஆகியவற்றைப் புதுப்பிக்கும் செலவை இதிலிருந்து கழிக்க வேண்டும். நோயோ புயலோ ஒரு சுற்றை அழித்தால் விளைச்சலோடு விதைப்பாசியும் போய்விடும் என்பதால், மறுதொடக்கத்திற்கான தொகையைக் குழுச் சேமிப்பில் ஒதுக்கி வைப்பது நலம்.

தொழில்முனைவோருக்கான உதவிகள்

பயிற்சி: மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருட்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையமும், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மண்டல மையமும் பயிற்சி அளித்து வந்துள்ளன. பின்னதில், கடல்விறால் மீன் கூண்டுகளைச் சுற்றிப் பாசி மிதவைகளை அமைக்கும் ஒருங்கிணைந்த வளர்ப்பு முறை முனைக்காட்டில் செய்து காட்டப்பட்டது. மீன் கழிவின் ஊட்டத்தைப் பாசி எடுத்துக்கொள்வதால் விளைச்சல் கூடுகிறது. இம்மண்டல மையம் 2024இல் கடற்பாசிக்கான சிறப்பு மையமாக அறிவிக்கப்பட்டது.

மானியம்: மாநில மீன்வளத் துறையின் வழியாகவே மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் மானியம் வழங்கப்பட்டது. மிதவைக்கு மாற்றாக நீள்கயிறு அல்லது குழாய் வலை முறையில் வளர்ப்போருக்கு அலகு ஒன்றிற்கு 8,000 ரூபாய் செலவாகக் கொள்ளப்பட்டது.

கடன்: சுய உதவிக் குழு - வங்கி இணைப்பு முறையே இப்பகுதியில் பழமையானது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் மகளிர் திட்டம் இக்குழுக்களை ஒருங்கிணைத்தது. உழவர் கடன் அட்டை வசதி 2018-19 முதல் மீனவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பாசியை வாங்குபவரிடமே முன்பணம் பெறுவோர் அவர் கூறும் விலைக்கே விற்க நேரிடும். வங்கிக் கடன் இப்பிணைப்பைத் தளர்த்துகிறது.

பதப்படுத்தும் தொழில்: பாசி வளர்ப்பு, நீர்வாழ் உயிரின வளர்ப்பு என்னும் வகைப்பாட்டில் அடங்குவதால் குறு, சிறு தொழில்களுக்குரிய உத்யம் பதிவிற்கு உட்படுவதில்லை. ஆனால் பாசியிலிருந்து உரம், உணவுப்பொருள் முதலியவற்றைச் செய்யும் தொழில் அப்பதிவிற்கு உரியது. பதிவுபெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு வாங்குபவர் 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்றும், தவறினால் கூட்டு வட்டி செலுத்த வேண்டும் என்றும் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் கூறுகிறது. இத்தகைய தொழில் தொடங்க விரும்புவோர் முதலில் அணுகத்தக்க அலுவலகம் மாவட்டத் தொழில் மையம் ஆகும்.

உரிமம்: பாசிச் சாற்றை உயிர் ஊக்கியாக விற்க, 2021இல் திருத்தப்பட்ட உரக் கட்டுப்பாட்டு ஆணையின் விதிகள் பொருந்தும். உணவுப்பொருளாயின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் பதிவோ உரிமமோ தேவை. சிறிய அளவில் சாறு தயாரிப்போர் விற்பனைக்கு முன்னரே இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

தகவல்: பாம்பனிலிருந்து 2016 முதல் ஒலிபரப்பான கடல் ஓசை சமூக வானொலி, கடலோர மக்களுக்கு வானிலை, கடல்நிலை, நலத்திட்டங்கள் பற்றிய செய்திகளைத் தமிழில் வழங்கியது.

சந்தையும் மதிப்புக்கூட்டலும்

உலர் பாசியாக விற்பது மிக எளிய வழி எனினும் அதில் வருவாய் குறைவு. ஈரப்பாசியைப் பிழிந்து சாற்றைப் பயிர் ஊக்கியாகவும், எஞ்சிய சக்கையைக் கேரஜீனன் எடுக்கவும் பயன்படுத்தும் தொழில்நுட்பத்தை மேற்குறித்த பாவ்நகர் நிறுவனம் உருவாக்கியது. இஃப்கோ கூட்டுறவு நிறுவனம் விற்கும் சாகரிகா என்னும் பயிர் ஊக்கி கடற்பாசிச் சாற்றைக் கொண்டதாகும். விதைப்பாசி முதல் பதப்படுத்தல் வரை ஓரிடத்தில் வசதி செய்யும் நோக்குடன், இம்மாவட்டத்தின் வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவிற்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது.

சூழலியல் கேள்விகள்

அயல்நாட்டுப் பாசியை வளர்ப்பது குறித்து எதிர்ப்பு இருந்து வருகிறது. தமிழ்நாடு அரசு 2005 டிசம்பரில் பிறப்பித்த ஆணை, இப்பாசியின் வளர்ப்பைப் பாக்கு விரிகுடாவின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கேயுள்ள கடலுக்கும் வரையறுத்தது. 2008இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மீது இப்பாசி படர்ந்திருப்பதைக் குறிப்பிட்டனர். இப்பரவல் ஒரு சிறு பகுதிக்குள் அடங்கியது என்பது மற்றொரு தரப்பு ஆய்வாளர்களின் கருத்து. பவளப்பாறை அழிந்தால் மீன்வளமும் இயற்கைப் பாசியும் குன்றும். எனவே வளர்ப்போரின் நலனும் சேகரிப்போரின் நலனும் இங்கு ஒன்றோடொன்று முரண்படக்கூடும். தொழில் தொடங்குவோர் தாம் மிதவை இடும் இடம் தேசியப் பூங்கா எல்லைக்கு வெளியே உள்ளதா என்பதை வனத்துறையிடமும் மீன்வளத் துறையிடமும் உறுதி செய்துகொள்ளுதல் இன்றியமையாதது. அறுந்து மிதக்கும் பாசியையும் பழைய கயிறுகளையும் கரைசேர்ப்பதும் வளர்ப்போரின் பொறுப்பாகும்.

விதைப்பாசித் தட்டுப்பாட்டை நீக்க, உயிருள்ள கடற்பாசியை இறக்குமதி செய்வதற்கான நெறிமுறைகளை இந்திய அரசு 2024 அக்டோபரில் வெளியிட்டது. இந்நாட்டுக்குரிய பாசி வகைகளைப் பண்ணை முறையில் வளர்க்கும் முயற்சிகளும் மண்டபம் பகுதியில் மேற்கொள்ளப்பட்டுள்ளன.