சோத்கங்கா

இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் சேர்த்து, எல்லோரும் படிக்கத் திறந்து வைத்திருக்கும் களஞ்சியம். காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்துகிறது.

இந்தியில் ‘சோத்’ என்றால் ஆராய்ச்சி. அதன் சமஸ்கிருத வேருக்குத் தூய்மையாதல் என்று பொருள். நம் ‘சோதனை’யும் அவ்வேரில் வந்ததே. கீரை ஆய்கிறோமே, அந்த ‘ஆய்’தான் ‘ஆய்வேட்டி’லும் இருக்கிறது: பழுதைக் களைந்து நல்லதைத் தெரிந்தெடுப்பது. இரு மொழிகளும் ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்குப் பெருமகிழ்ச்சி.

ஆய்வைத் தொடங்கும்போது தரும் ஆய்வுச் சுருக்கங்களுக்குத் தனிக் களஞ்சியம் உண்டு. கங்கையின் தோற்றுவாயை ஒட்டி அதற்குச் ‘சோத்கங்கோத்ரி’ என்று பெயர்.

ஆய்வேடுகளின் மின்படி ஒப்படைப்பைக் கட்டாயமாக்கியது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறை. அதுவரை பெரும்பாலான ஆய்வேடுகள் அந்தந்த நூலகத்துக்குள்ளேயே கிடந்தன.