நிபந்தனை வடிவூட்டம்

நிபந்தனை வடிவூட்டம் என்பது, விரிதாள் மென்பொருள்களில் ஒரு கலத்தின் மதிப்பு குறிப்பிட்ட நிபந்தனையை நிறைவு செய்யும்போது, அக்கலத்தின் பின்னணி நிறம், எழுத்து நிறம், கரை முதலிய தோற்றக் கூறுகளைத் தானாக மாற்றும் வசதி ஆகும். இதனால் கலத்தின் தோற்றம் மட்டுமே மாறும், மதிப்பு மாறாது. மதிப்பு திருத்தப்பட்டால் நிபந்தனை மீண்டும் சோதிக்கப்பட்டு நிறமும் அதற்கேற்ப மாறும்.

வரலாறு

எதிர்ம எண்களைச் சிவப்பில் காட்டும் எண் வடிவங்கள் இவ்வசதிக்கு முன்னோடி எனலாம். மைக்ரோசாப்ட் எக்செல் மென்பொருளில் 97ஆம் பதிப்பில் நிபந்தனை வடிவூட்டம் அறிமுகமானது. 2003ஆம் பதிப்பு வரை ஒரு கலத்துக்கு மூன்று நிபந்தனைகளே இட முடிந்தது. எக்செல் 2007 இவ்வரம்பை நீக்கி, தரவுப் பட்டை, நிற அளவுகோல், சின்னத் தொகுதி ஆகியவற்றையும் சேர்த்தது. லிப்ரே ஆபிசு கால்க்கில் தரவுப் பட்டையும் நிற அளவுகோலும் 2012இல் வெளிவந்த 3.6ஆம் பதிப்பில் இடம்பெற்றன.

எடுத்துக்காட்டு

சென்னையின் மேற்குப் புறநகரில், நெமிலிச்சேரிக்குத் தெற்கே, பூந்தமல்லியை அடுத்துச் செம்பரம்பாக்கம் ஏரி உள்ளது. 2015 திசம்பர் வெள்ளத்தின்போது இதிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறக்கப்பட்டது. சென்னைக்குக் குடிநீர் வழங்கும் ஏரிகளுள் நான்கின் முழுக் கொள்ளளவு (மில்லியன் கன அடியில்) வருமாறு:

* பூண்டி – 3,231
* சோழவரம் – 1,081
* புழல் – 3,300
* செம்பரம்பாக்கம் – 3,645

ஏரியின் பெயர், கொள்ளளவு, நீர் இருப்பு ஆகியன முறையே மூன்று நிரல்களில் உள்ளன எனக் கொள்க. நிரம்பும் நிலையிலுள்ள ஏரியைச் சிவப்பில் காட்ட, "இருப்பு 1,000க்கு மேல்" என்னும் விதி பயன்படாது. 1,000 மில்லியன் கன அடி என்பது சோழவரத்தில் ஏறத்தாழ 92.5 விழுக்காடு, செம்பரம்பாக்கத்திலோ 27.4 விழுக்காடு மட்டுமே. எனவே இருப்பைக் கொள்ளளவால் வகுத்து, ஈவு 0.9 அல்லது அதற்கு மேல் உள்ளதா எனச் சோதிக்கும் வாய்ப்பாட்டு விதி தேவை. நிரை முழுவதும் நிறம் பெற, வாய்ப்பாட்டில் நிரலின் எழுத்துக்கு முன் மட்டும் டாலர் குறி ($) இடவேண்டும். நிரை எண்ணுக்கு முன்னும் இட்டால், எல்லா ஏரிகளும் முதல் ஏரியின் நிறத்தையே பெறும்.

விதிகளின் வரிசை

ஒன்றுக்கு மேற்பட்ட விதிகள் பொருந்தி, அவை வெவ்வேறு பின்னணி நிறங்களைக் கோரினால், பட்டியலில் மேலே உள்ள விதியே செல்லும். "0.75க்கு மேல் மஞ்சள்" என்பது "0.9க்கு மேல் சிவப்பு" என்பதற்கு மேலே இருந்தால், 95 விழுக்காடு நிரம்பிய ஏரியும் மஞ்சளாகவே தோன்றும். ஆகவே கடுமையான நிபந்தனையை முதலில் வைக்கவேண்டும். எக்செலில் புதிதாக இடும் விதி பட்டியலின் மேலே சேர்வதால் வரிசையைச் சரிபார்ப்பது நன்று.

குறைபாடுகள்

* வெற்றுக் கலம் கணக்கீட்டில் சுழியமாகக் கொள்ளப்படும். "0.2க்குக் கீழ்" என்னும் விதி, அளவு பதியப்படாத ஏரியை வறண்ட ஏரியாகக் காட்டும். கலம் வெறுமையாக இல்லை என்பதையும் நிபந்தனையில் சேர்த்தால் இது நீங்கும்.
* எண்ணோடு அலகையும் சேர்த்துத் தட்டச்சு செய்தால் அது உரையாகிவிடும். வகுத்தல் பிழை தருவதால் விதி பொருந்தாது. நிரம்பிய ஏரியும் நிறமின்றி நிற்கும். நிறம் இல்லாமை ஆபத்து இல்லாமைக்குச் சான்றாகாது.
* கலங்களை வெட்டி ஒட்டும்போது விதிகளின் எல்லை சிதறக்கூடும்.
* சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிய இயலாதோருக்கும், கருப்பு வெள்ளை அச்சிலும் நிற வேறுபாடு புலப்படாது. எனவே "எச்சரிக்கை" போன்ற சொல்லைத் தனி நிரலில் காட்டுவது பயனுடையது.